கல் தூக்குவதும் பல்லால் வண்டி இழுப்பதும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வெளியாகியிருந்தன. ஒன்றில் ஓர் இளைஞர், ஊர் இளைஞர்கள் தூக்கித் தம் பலத்தைக் காட்டும் உருண்டைக் கல்லான இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மற்றொன்றில் இன்னொருவர் கயிற்றைப் பல்லால் கடித்தபடி சரக்கு வேன் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து 'வீர விளையாட்டுகள்' என்று ஒரே தலைப்பு. இருபத்திரண்டு வயதில் முதல் முறையாகக் கல்லைத் தூக்கி, நாற்பது வயதுவரை பொங்கல்தோறும் தூக்கி, அதன்பின் எங்கள் ஊர்ப் போட்டியில் நடுவராக நின்றுவரும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில், அந்த ஒரே தலைப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

இளவட்டக்கல் தூக்குவதைத் தொலைவில் நின்று பார்ப்பவர்களுக்கு அது வெறும் முரட்டு பலமாகத் தோன்றும். கல் உருண்டை, பிடிக்க விளிம்பு கிடையாது, தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு வழவழத்துப் போயிருக்கும். தூக்குபவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, இரு முன்கைகளையும் கல்லுக்கு அடியில் செலுத்தி, பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்து, முதலில் அதை முழங்காலுக்கு மேல் மடியில் ஏற்றுகிறார். அங்கே ஒரு மூச்சு நேரம் நிற்கலாம். அங்கிருந்து இடுப்பை நிமிர்த்தி நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுப்பக்கமாகத் தரைக்கு. புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் செய்யும் தவறு, கையை மடக்கிக் கையாலேயே தூக்கப் பார்ப்பது. மடியில் ஏற்றும் கட்டம்தான் உயிர்நிலை. அது தெரிந்த அறுபது கிலோ ஆள், தெரியாத எண்பது கிலோ ஆளை எளிதாகத் தோற்கடித்துவிடுவார். மேலைநாட்டு வலிமைப் போட்டிகளில் 'அட்லஸ் கற்கள்' என்ற பெயரில் கான்கிரீட் உருண்டைகளைத் தூக்குகிறார்களே, அதிலும் இதே மடி முறைதான். 1977-இல் தொடங்கிய 'உலகின் மிக வலிமையான மனிதர்' போட்டியில் அந்தக் கற்கள் 1986-இல்தான் சேர்ந்தன. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் கிடக்கும் கல் அதைவிடப் பல தலைமுறை மூத்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது கர்வம் உண்டு.

இந்தக் கலை அழிந்துவிடாமல் இருப்பதற்கு எங்கள் வட்டாரத்து வடலிவிளை போன்ற ஊர்கள் பொங்கல்தோறும் போட்டியை விடாமல் நடத்திவருவதே காரணம். அங்கே பல எடைகளில் கற்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன, நூறு கிலோவைத் தாண்டிய கற்களும் உண்டு, பெண்களும் தூக்குகிறார்கள். கல்லைத் தூக்கினால்தான் பெண் கிடைக்கும் என்றிருந்த காலம் போய், அந்தப் பெண்ணே கல்லைத் தூக்கும் காலம் வந்திருப்பதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். மற்ற பல ஊர்களில் இளவட்டக்கல் பாதி மண்ணில் புதைந்து, முதியவர்கள் உட்காரும் இருக்கையாகவோ ஆடு கட்டும் இடமாகவோ ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க் கல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 120 கிலோ என்று என் தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் இருபது ஆண்டுகள் மாணவர்களிடம் சொல்லிவந்தேன். நடுவராகப் பொறுப்பேற்ற ஆண்டில், மனம் கேளாமல், நான்கு பேர் துணையோடு அதை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 92 கிலோ. கடைக்காரர் தராசு சரிதான் என்று நிரூபிக்கத் தம்மையே அதில் நிறுத்திக் காட்டினார். ஊரில் ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் 92 என்ற எண்ணைக் கல்லில் வண்ணத்தால் எழுதிய பிறகுதான், பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து தங்கள் ஊர்க் கல்லோடு ஒப்பிட்டுப் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். ஐஸ்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரை ஒன்றில் மீனவர்கள் பலத்தைச் சோதித்த நான்கு கற்கள் இன்றும் கிடக்கின்றன. 23, 54, 100, 154 கிலோ என்று அவற்றின் எடை ஊரறிந்தது. அதில் 54 கிலோக் கல்லையாவது இடுப்பு உயரப் பாறைமேல் தூக்கி வைக்க முடியாதவனைப் படகில் சேர்க்கமாட்டார்களாம். எடை தெரிந்திருப்பதால்தான் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் அங்கே போய்த் தம்மைச் சோதித்துப் பார்க்க முடிகிறது.

கல்லின் எடை மட்டும் போதாது, தூக்குபவரின் உடல் எடையும் தெரிய வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வென்றபோது, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது, தோளில் நிறுத்தித் தூக்குவது என்ற இரண்டு முறைகளிலும் சேர்த்துத் தூக்கியது 328 கிலோ. 77 கிலோ உடல் எடைப் பிரிவில் அது நிகழ்ந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணின் அருமை விளங்கும். எங்கள் போட்டியில் அறுபத்தைந்து கிலோ ஒல்லிப் பையன் நெஞ்சுவரை ஏற்றியதும், நூற்றுப்பத்து கிலோ ஆள் முதுகுக்குப் பின்னால் போட்டதும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டால் முதலாமவனுக்கு அடுத்த ஆண்டு வரத் தோன்றாது.

இனி அந்த இரண்டாவது படத்துக்கு வருகிறேன். வலிமைக் காட்சிகளை நான் இழிவாக நினைப்பவன் அல்லன். யூஜின் சாண்டோ என்ற ஒரு மேடை பலசாலியின் பெயர் நம் ஊரில் பட்டமாகி, சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்து, கடைசியில் கையில்லாத பனியனுக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் வீரகட்டத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு, மார்பின்மேல் பலகை வைத்து யானையை ஏறச் செய்தவர், சங்கிலியை அறுத்தவர். அவரும் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குத் தனிப் பெருமை. ஆனால் யூஜின் சாண்டோவும் ராமமூர்த்தியும் மேடையிலும் சர்க்கஸ் கூடாரத்திலும் அதையே தொழிலாகச் செய்தவர்கள். பலகை எத்தனை அங்குலம், யானை எந்தக் காலை முதலில் வைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கோயில் கொடை விழாவுக்கு முந்தைய இரவு செல்பேசியில் பார்த்துவிட்டு மறுநாள் மேடையேறுபவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கணக்கு என்று நான் சொல்வது சும்மா அன்று. மார்பின்மேல் கல் வைத்துச் சம்மட்டியால் உடைக்கும் காட்சியில் அடியின் பெரும்பகுதியைக் கனமான கல்லே வாங்கிக்கொள்கிறது. பயந்துபோன புதியவர் 'சின்னக் கல்லாக வையுங்கள்' என்கிறார். கல் இலேசாக ஆக ஆக அடி நேராக விலா எலும்புக்குப் போகிறது. வண்டி இழுப்பதிலும் இப்படித்தான். நல்ல தார்ச்சாலையில், சமதளத்தில், சக்கரங்களில் காற்று நிறைந்திருந்தால், 5 டன் லாரி உருண்டுகொண்டே இருப்பதற்கு அதன் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ அளவு இழுவிசை போதும். முதலில் அதை அசைப்பதற்குத்தான் கூடுதல் பலம் வேண்டும். ஆகவே '5 டன் லாரியை இழுத்த இளைஞர்' என்று தாங்கள் தலைப்பிடும்போது அந்த எண் வாசகரை ஏமாற்றுகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதே சாலை, கண்ணுக்குத் தெரியாத அளவில், இழுப்பவர் பக்கமாக ஒரே ஒரு பாகை (டிகிரி) சரிந்திருந்தால், அந்தச் சரிவே 80 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு லாரியைத் தள்ளத் தொடங்கிவிடும். அதன்பின் ஆள் வண்டியை இழுக்கவில்லை. வண்டி ஆளைத் துரத்துகிறது.

இதை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. என் அக்காள் மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோயில் கொடையின்போது சரக்கு வேன் ஒன்றைப் பல்லால் இழுத்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு சாதனைச் சான்றிதழ் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். முந்தைய நாள் நான் தடுத்தபோது, "மாமா, ஒண்ணும் ஆகாது, நீங்க சும்மா வந்து பாருங்க" என்றான். பல்லால் இழுப்பவர் வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். பத்தடி வரை நன்றாகத்தான் வந்தான். வடிகாலுக்காகச் சாலையைத் தாழ்த்தியிருந்த இடம் வந்ததும் கயிறு தொய்ந்தது. கூட்டம் அதைப் பார்த்துக் கைதட்டியது. கயிறு தொய்கிறது என்றால் வண்டி தானாக வருகிறது என்று பொருள் என்பதை அங்கே என்னைத் தவிர யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பையன் ஒரு கையால் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கத்தியதும் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தான். வண்டி சட்டென நிற்க, கயிறு விறைத்து இழுக்க, வாயிலிருந்த தோல்பட்டையோடு முன்பல் இரண்டும் போயின. பிரேக் அரை நொடி தாமதித்திருந்தால் முழங்கால் போயிருக்கும். சான்றிதழ் பத்து நாளில் அஞ்சலில் வந்தது. அதில் வேனின் எடையைத் தவறாகப் போட்டிருந்தார்கள்.

கல் தூக்குபவர் முடியாதபோது கையை விட்டுவிடலாம். கல் மணலில் விழும். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தபடி திரும்பிப் போவார். அடுத்த ஆண்டு மீண்டும் வருவார். வயிற்றின்மேல் மோட்டார் சைக்கிள் ஏறும்போது கீழே கிடப்பவர் எதை விடுவார்? தலைமுடியில் கட்டிய கயிற்றை எப்படி விடுவார்? 2013 ஏப்ரலில் சிலிகுரிக்கு அருகே தீஸ்தா ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில், தலைமுடியால் தொங்கியபடி ஒருவர் கடக்க முயன்றார். ஏற்கெனவே அதே வகைச் சாதனைக்காகப் பெயர் பெற்றவர் அவர். நடுவழியில் சிக்கிக்கொண்டு போராடியபோது, கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே உயிர் பிரிந்தது. வேண்டாம் என்று தோன்றிய கணத்தில் நிறுத்திக்கொள்ள வழியுள்ளதைத்தான் போட்டி என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. இந்த ஓர் அளவுகோலை வைத்துப் பிரித்தால் தங்கள் பக்கத்தில் இருந்த இரண்டு படங்களும் ஒரே தலைப்பின்கீழ் வரமாட்டா.

கல் தூக்குவதில் காயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கையை மடக்கித் தூக்குபவர்களுக்கு முழங்கைக்கு அருகே புயத்தசையின் நாண் அறுந்துபோவது உண்டு. அறுந்தால் தசை சுருண்டு மேலேறிவிடும், பெரும்பாலும் அறுவை மருத்துவம்தான் வழி. மூச்சைப் பிடித்து முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென ஏறுவதால், அழுத்த நோய் உள்ளவர்கள் அறியாமல் தூக்குவது ஆபத்து. எங்கள் ஊரில் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரை அழைத்து அழுத்தம் பார்த்துவிடுகிறோம். மது அருந்தி வருபவருக்கு இடமில்லை என்ற விதிக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு சண்டை வரும், வரட்டும்.

அரசிடம் நான் கேட்பது அதிகமில்லை. கல் தூக்கும் போட்டிக்கு ஏதும் தடை வேண்டாம். மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் உடல் எடைப் பிரிவுகளை வகுத்துக் கொடுத்து, ஒரு தராசும் ஒரு செவிலியரும் கிடைக்கச் செய்தால் போதும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை உடம்பின்மேல் வண்டி ஏற்றுவது, தீ வைத்த ஓடுகளை உடைப்பது போன்ற காட்சிகளில் நிறுத்துவதை மட்டும் பள்ளி மேடையிலும் கோயில் மேடையிலும் உறுதியாகத் தடுக்க வேண்டும். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாத பிள்ளைகள் இப்படிப் படுக்கவைக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. கல் தூக்கியவரின் படத்தைப் போடும்போது கல்லின் எடை, அவருடைய உடல் எடை, மடிவரையா, நெஞ்சுவரையா, தோளைத் தாண்டியா என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். வரும் பொங்கலுக்குத் தங்கள் செய்தியாளரை எங்கள் ஊருக்கு அனுப்பினால் மகிழ்வேன். பழைய இரும்புக் கடைத் தராசை அன்று ஒரு நாள் கோயில் வாசலிலேயே வைக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விரும்பினால் செய்தியாளரும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.