வாசி தீரவே: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வேலை பார்த்த தறிப்பட்டறை மூடி ஐந்து மாதம் ஆகிறது, கழுத்துச் சங்கிலியும் அடகுக்குப் போய்விட்டது, வருகிறவர்கள் எல்லாம் ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், “எப்போது ஊற்றுவான் அக்கா?” என்று கேட்டாய். கேட்டதற்காகப் பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் சொன்னாய். போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதே தவிப்பில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதால், உன் சம்மதத்தோடு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்துக்குப் பக்கம் இருக்கும் திருவீழிமிழலைக்கு நாம் சிறுவயதில் அப்பாவோடு போனது நினைவிருக்கிறதா? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடுவதைக் கண்டு இருவரும் கலங்க, இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாளும் ஆளுக்கொரு பொற்காசு தருவதாகச் சொன்னான் என்கிறது பெரியபுராணம். சம்பந்தருக்குக் கிழக்குப் பீடத்திலும் நாவுக்கரசருக்கு மேற்குப் பீடத்திலும் காசு இருந்தது. புதையலாகவோ ஓராண்டுக்குப் போதுமானதாகவோ அவன் ஒரே நாளில் கொடுத்துவிடவில்லை. அன்றைய காசு அன்றைய சோற்றுக்கு. அவ்வளவு பெரிய அடியவர்களே நாளை என்ன ஆகும் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளாமல்தான் ஒவ்வோர் இரவும் படுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் இளகிவிடும்.

ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த பகுதி. நாவுக்கரசர் மடத்தில் உரிய நேரத்தில் பந்தி நடக்க, சம்பந்தர் மடத்தில் மட்டும் தினமும் தாமதமானது. காரணம் கேட்டபோது, அவருக்குக் கிடைக்கும் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள், அதாவது பொன்னின் மாற்றுக் குறைவென்று மதிப்பில் கொஞ்சம் கழிக்கிறார்கள், நாவுக்கரசர் காசுக்கு அது இல்லை, அதனால்தான் பண்டம் வாங்கி வரத் தாமதமாகிறது என்று சமையல் செய்பவர்கள் சொன்னார்கள். மறுநாள் சம்பந்தர் சந்நிதியில் நின்று, ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடினார். கொடுத்தவனிடமே போய், நீ கொடுத்த காசு செல்லவில்லை, நல்ல காசாகக் கொடு என்று கேட்ட அந்தப் பிள்ளையை இறைவன் கோபிக்கவில்லை; மறுபடி கிடைத்த காசில் வாசி இல்லை.

உன் கேள்வியும் இந்த வகைதான். நம்புகிறவள் குறையைச் சொல்லக்கூடாது என்று நமக்கு யாரோ தவறாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சுந்தரர், குண்டையூரில் தமக்குக் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குத் தூக்கிப்போக ஆளில்லாதபோது, திருக்கோளிலிப் பெருமானிடம், தம் மனைவி வாடி வருந்தாமல் இருக்க ஆளைக் கொடு என்று வெளிப்படையாகவே கேட்டார். வீட்டுக்காரி பசியில் வாடுகிறாள் என்பதைப் பாட்டில் வைத்துச் சொல்ல அவர் கூசவில்லை.

எனக்கு இது புரிந்தது 2020இல்தான். ஊரடங்கில் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லை. உன் அத்தானின் பந்தல் சாமான்கள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. அரிசி டின்னுக்குள் ஆழாக்கை விட்டால் தகரத்தில் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கூடத்தில் இருக்கும் மாமியாருக்குக் கேட்டுவிடக்கூடாதென்று கையாலேயே அள்ளுவேன். அதுவரை ‘எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்’ என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு விளக்கின் முன் உட்கார்ந்து, நாளைக் காலைக்கு அரை லிட்டர் பால் வேண்டும், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை பத்து வேண்டும், கையில் முப்பத்தேழு ரூபாய்தான் இருக்கிறது என்று சில்லறையை எண்ணி வைத்துச் சொன்னேன். கூரையைப் பிய்த்துக்கொண்டு எதுவும் விழவில்லை. ஆனால் அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டதால், மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழுந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டுக் கணக்கை அடைக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. அன்று எனக்குப் பீடத்தில் இருந்த காசு அதுதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். நாவுக்கரசர் காசுக்கு வாசி இல்லாமல் போனது அவர் கோயில்களில் புல் செதுக்கும் உழவாரப்படை பிடித்துக் கைத்தொண்டு செய்தவர் என்பதால்தானாம். மாப்பிள்ளை இப்போது காய்கறி மண்டியில் மூட்டை இறக்கப் போவதை நீ அழுதுகொண்டே சொன்னாய். அழாதே. அந்தக் கூலியில் வாசி கிடையாது.

பத்து வட்டிக்குக் கொடுக்கிறேன் என்று யாரோ வருவதாகச் சொன்னாயே, அதை மட்டும் தயவுசெய்து தொடாதே. அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால், அதில் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கும் என்று யோசித்துப் பார். அவசரத்தில் நீட்டப்படும் எல்லாக் கையும் இறைவன் கை ஆகிவிடாது.

நீ என்னிடம் ‘கொஞ்சம் கடன்’ என்று மட்டுமே சொல்கிறாய். இன்று இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு, மளிகைப் பாக்கி, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி என்று ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதி, முதலில் சாமி விளக்கின் முன் வைத்து அவனுக்கு வாசித்துக் காட்டு. பிறகு அதையே எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் வருகிறோம். அரிசி கொண்டுவருகிறேன், நீ வாங்கி வைக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா