எங்கள் அளவீடுகளுக்கு ஒரு பதில் வேண்டும்

ஆறுகளின் நீர்த்தரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆற்றங்கரையில் தன்னார்வலர்கள் எடுக்கும் அளவீடுகள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்கின்றன. அதற்கப்புறம் அவை என்ன ஆகின்றன என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை. பாராட்டுச் சான்றிதழ் வருகிறது, பதில் வருவதில்லை.

தன்னார்வலர்களின் அளவீட்டை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறீர்கள். சரி, வழக்கில் நிற்க வேண்டிய மாதிரியை முறைப்படி உங்கள் ஆய்வாளர்தான் எடுக்க வேண்டும். அதை எப்போது, எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதை எங்களால் சொல்ல முடியும்.

பாசி மண்டிய ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பாசி தண்ணீருக்குள் ஆக்சிஜனை வெளிவிடும். இரவெல்லாம் மற்ற உயிர்களோடு பாசியும் சேர்ந்து சுவாசித்து அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நண்பகலில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் காட்டும் இடமே விடியலுக்குச் சற்று முன் 3-க்கு இறங்கிவிடலாம். 5-க்குக் கீழே போனாலே பல மீன்களுக்குத் திணறல்தான். அலுவலக நேரத்தில் வரும் ஆய்வாளரின் கருவி நல்ல அளவைத்தான் காட்டும். விடியற்காலையில் கரையில் நிற்கக்கூடியவர்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான்.

பூச்சிகள் இன்னும் தெளிவாகப் பேசும். ஓடும் நீரில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டி, அடிப்பக்கத்தை வெள்ளைத் தட்டில் கழுவிப் பாருங்கள். மேஃபிளைப் பூச்சியின் குஞ்சு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பெரும்பாலும் மூன்று வால் இழைகள் இருக்கும், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்கும். இவற்றில் பல இனங்கள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வளர்பவை, அழுக்கைத் தாங்காதவை. அவை மறைந்து சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், அங்கே ஆக்சிஜன் வற்றியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் புழுக்களின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் கொஞ்சம் ஆக்சிஜனிலும் பிழைத்துக்கொள்ளும். இரவில் யாரோ திறந்துவிட்ட கழிவு காலைக்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். நீங்கள் எடுக்கும் தண்ணீர் மாதிரியில் அதன் தடயமே இருக்காது. கல்லுக்கடியில் இருந்த உயிர்கள் போனது போனதுதான்.

இது நடக்காத காரியம் அல்ல. இங்கிலாந்தில் தூண்டில் மீன்பிடிப்பவர்கள் மூன்று நிமிடம் ஆற்றின் அடியைக் காலால் கிளறி, வலையில் விழும் எட்டு வகை உயிர்களை எண்ணுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எச்சரிக்கை அளவு முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்கிறது. எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகும். எதைக் கண்டால் யார் என்ன செய்வது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

எங்களுக்கும் அப்படி ஓர் அளவைக் குறித்துத் தாருங்கள். எண்ணிக்கை அதற்குக் கீழே போகும்போது தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் அலுவலர் இருக்கட்டும். "போய்ப் பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று எழுதினாலும் அது எங்களுக்குப் போதும். அடுத்த முறை எங்கே கூர்ந்து பார்ப்பது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்வோம். பதிலே இல்லாமல் போனால் ஆட்கள் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள், பல வருடத் தொடர் அளவீடு அறுந்துபோகும். அறுந்த காலத்தை அப்புறம் எந்தப் பணத்தைக் கொட்டியும் மீட்க முடியாது.

எங்கள் அளவீடு சரிதானா என்ற சந்தேகம் இருந்தால், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மாதிரி எடுப்போம். ஒன்றை உங்கள் ஆய்வகம் பார்க்கட்டும், இன்னொன்றை நாங்கள் பார்க்கிறோம். வேறுபாடு வந்தால் கருவியையும் முறையையும் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பதிவுகளில் வரும் நீர்நாய் வளைகளும் பறவைக் கூடுகளும் இருக்கும் துல்லியமான இடங்களைப் பொது வரைபடத்தில் போட வேண்டாம். வேட்டைக்காரர்களும் அந்த வரைபடத்தைப் பார்ப்பார்கள். ஆற்றின் எந்தப் பகுதி என்று மட்டும் காட்டினால் போதும்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் எச்சரிக்கை அளவு பற்றிப் பேச ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். எங்கள் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஆற்றைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களில் ஒருவர்