கால்நடை மருந்தகங்களில் செவிலியர் நேரமும் வளர்ப்போர் வகுப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்தில் இரண்டு கறவை மாடுகளும் ஒரு நாயும் வைத்துக்கொண்டு குடியிருக்கிறேன். எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் சில மாதங்களாக இரண்டு புதிய ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும் வரிசை ஒருபுறம் நடக்க, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தனியறையில் அமர்ந்து எடை பார்ப்பது, நகம் வெட்டுவது, காது துடைப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குடற்புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுப்பது ஆகிய வேலைகளைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய், பூனை வளர்ப்போருக்கு ஒரு மணி நேர வகுப்பும் நடக்கிறது. இந்த ஏற்பாடு கொங்கு மாவட்டங்களின் அரசு கால்நடை மருந்தகங்களுக்கும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதில் எனக்கு இத்தனை அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் நான் வளர்த்த ஒரு பூனை. ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் ஒரு நாள் இரவு அது உண்ணாமல், உடம்பு சுட்டபடி சுருண்டு கிடந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு எடை பார்த்துக் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பழகிய கை இது. பாராசிட்டமால் மாத்திரையில் கால் பாகத்தை உடைத்துப் பொடித்து, தண்ணீரில் கரைத்து வாயோரமாக விட்டேன். விடிவதற்குள் பூனையின் முகமும் பாதங்களும் வீங்கிவிட்டன; ஈறு சேற்று நிறத்துக்கு மாறி, மூச்சு இரைத்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்பதும், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையையே அது கெடுத்துவிடும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மருந்துகளோடே வாழ்க்கையைக் கழித்த எனக்கே இதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை என்றால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகவேதான் அந்த ஞாயிறு வகுப்புக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள், செவிலியர் ஒரு நாயின் மேலுதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவந்தது. நோயாளியின் நகத்தை அழுத்தி இரத்த ஓட்டம் பார்ப்பதாக நாங்கள் வார்டில் செய்ததும் இதேதான். நிறம் திரும்ப நேரமானாலும், ஈறு முன்பே வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு வரவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டு, வந்திருந்த ஒவ்வொருவரையும் அவரவர் நாயிடம் செய்து பார்க்க வைத்தார். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், தோட்டத்து நாயின் வாயை முதன்முறையாகத் திறந்து பார்த்தவர், ஈறு சிவந்ததும் நிமிர்ந்து, "இத்தன வருசமா இத யாருமே சொல்லலீங்களே அம்மிணி" என்றார். அவருடைய நாயை எடை போட்டபோது 14 கிலோ இருந்தது. அதுவரை அவர் கண்ணளவில் இருபது கிலோ என்று வைத்துத்தான் குடற்புழு மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார். எடை மேடை இல்லாத வீட்டில், நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் தராசில் ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும் என்பதையும் அங்கேயே காட்டிக் கொடுத்தார்கள்.

இவற்றை மருத்துவரே சொல்லலாமே என்று கேட்கலாம். கால்நடை உதவி மருத்துவர் ஒருவர் பல ஊராட்சிகளைக் கவனிக்கிறார். காலையில் மருந்தகத்தில் மாடும் ஆடும் கோழியும் நாயும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இடையிடையே கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்காகத் தோட்டத்துக்கு அழைப்பு வருகிறது. கோமாரித் தடுப்பூசி முகாம் காலங்களில் மூச்சுவிடவும் நேரமில்லை. அந்த நெரிசலில் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டு வருபவருக்கு ஊசி கிடைக்கும். மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து தரவேண்டும் என்பதையும், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோய்க்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மறு ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும் என்பதையும் நிதானமாகச் சொல்ல ஆள் இருக்காது. குறை மருத்துவருடையது அன்று. சொல்லித் தருவதற்கென்று ஒரு நேரமும் ஓர் ஆளும் ஒதுக்கப்படாததே குறை.

மனித மருத்துவத்தில் நாம் இதை எப்போதோ செய்துவிட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள் என்று ஊரில் படிக்காத பாட்டிக்கும் தெரியும். கர்ப்பிணியின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வைப்பதும், சத்துணவு பற்றிச் சொல்வதும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று எச்சரிப்பதும் கிராம சுகாதார செவிலியரின் அன்றாட வேலை. அதனால் மருத்துவரின் இடம் குறைந்துவிடவில்லை; மருத்துவர் பார்த்தே ஆகவேண்டியவர்கள் காலத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரிட்டனில் 1961ஆம் ஆண்டிலேயே கால்நடைச் செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. பதிவு பெற்ற செவிலியர் மருத்துவரின் பொறுப்பில் எந்தெந்தப் பணிகளைச் செய்யலாம் என்று அங்கே சட்டமே வரையறுத்திருக்கிறது. உடல் பருமன், பல் பராமரிப்பு, முதிய பிராணிகளின் கவனிப்பு ஆகியவற்றுக்குச் செவிலியரே தனி நேரம் ஒதுக்கிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் கால்நடைச் செவிலியர் என்று அப்படிப்பட்ட தனிப் பதிவு இல்லை. ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, உரிய பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் ஆணையின்படி, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய இடம் தருகிறது. நம் மருந்தகங்களில் கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுள் விருப்பமும் கனிவும் உள்ளவர்களுக்குப் பயிற்சி அளித்து, வாரத்தில் ஒரு பிற்பகலை அவர்கள் பொறுப்பில் விட்டால் போதும்.

ஓர் எல்லையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. அதில் செவிலியர் கை வைக்கக் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கிக்கொண்டிருந்தாலோ, மாட்டின் இடப்பக்க வயிறு உப்பி எழுந்து நின்றாலோ, அது ஒரு நாள் கூடப் பொறுக்காத ஆபத்து என்று கண்டுகொண்டு அந்தக் கணமே மருத்துவரை அழைப்பதுதான் செவிலியரின் திறமை. ஒவ்வொரு வருகையும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு, மருத்துவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். போலி மருத்துவம் பெருகிவிடுமோ என்ற நியாயமான அச்சத்துக்கு இந்தக் குறிப்பேடே பதில்.

எங்கள் பக்கத்து வகுப்பில் நாய், பூனை மட்டும் பேசினால் போதாது. கட்டுத்தரையும் பட்டியும் அதில் வரவேண்டும். மாட்டின் தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை வெளியே இழுத்துக்கொண்டு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால், கழிச்சலுக்குக் கொடுத்த கஷாயமே மாட்டைக் கொன்றுவிடும். நாக்கை விட்டுவிட்டு, தலையை முதுகின் மட்டத்துக்கு மேல் தூக்காமல், கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுவதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதைவிட அவசரமானது வெறிநாய்க்கடி. "நம்ம தோட்டத்து நாய் யாரையும் கடிக்காது, அதுக்கெதுக்கு ஊசி" என்று சொல்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மூன்று மாதக் குட்டிக்குத் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்பது வீட்டுக்கு வீடு தெரிய வேண்டும். கடிபட்டு வந்தவர்களின் புண்ணில் சுண்ணாம்பையும் மிளகாய்த்தூளையும் அப்பியிருந்ததை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கழுவி எடுத்திருக்கிறேன். அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போயிருந்தால் எவ்வளவோ நல்லது. காங்கயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், ஆடு வளர்ப்போர் தெருவுக்கு வந்து போராடியதையும் நாம் செய்திகளில் படித்தோம். பெட்டைக் குட்டிகள் வேண்டாமென்று சாக்கில் கட்டிச் சாலையோரம் விட்டுவிட்டு வருவதும் அந்தக் கேட்டுக்கு ஒரு காரணம். கருத்தடை அறுவை பற்றிய பயத்தைப் போக்க, செய்துகொண்ட நாயையே வகுப்புக்குக் கொண்டு வந்து அதன் தையல் தழும்பைக் காட்டினால், நூறு துண்டறிக்கைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உடுமலைப்பேட்டையிலும் கல்லூரி வந்துவிட்டது. கோவை சரவணம்பட்டியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் ஆடு, கறவை மாடு, கோழி வளர்ப்புக்கு வகுப்புகள் நடத்தி நல்ல அனுபவம் பெற்றிருக்கிறது. அவர்கள் பாடத்தை வகுத்து உதவியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க, கால்நடை பராமரிப்புத் துறை மாவட்டத்துக்கு இரண்டு மருந்தகங்களில் முதலில் தொடங்கிப் பார்க்கலாம். ஓர் எடை மேடை, ஒரு குறிப்பேடு, நிழலில் நான்கு பெஞ்சுகள் இருந்தால் போதும்.

கோபி வட்டத்தில் அப்படி ஒரு பிற்பகல் தொடங்கப்படுமானால், எடை குறிக்கும் மேசையில் சம்பளமின்றி உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.