'கோ' கேட்கும் வரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டருகே மைதானத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கோ-கோ ஆடுவார்கள். பேத்தியும் ஆடுவதால் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். துரத்தும் அணியில் 9 பேர். 8 பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒருவர்தான் ஓடுவார். முதுகில் கை பட்டு 'கோ' என்று காதில் விழுந்தால்தான் எழலாம். எழுப்பியவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்.

போன வாரம் ஒரு சிறுமி விடாமல் துரத்தினாள். இன்னும் இரண்டடிதான், அப்போது போய் உட்கார்ந்திருந்தவளுக்குக் 'கோ' கொடுத்தாள். ஆளைத் தொட்டது அடுத்தவள், கைதட்டலும் அவளுக்குத்தான். மூடுபனியில் ஈரமான மண்ணில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த முதல் சிறுமியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! 'நான்' என்பதை விடு என்று கோயில் சொற்பொழிவுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்படி விட்ட முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

கபடியும் அப்படித்தானே? ஆட்டமிழந்து வெளியே நிற்பவர் திரும்பி வருவது கூட்டாளி எடுக்கும் புள்ளியால்தான்.

ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் சிலர், "அவளுக்குக் கொடுக்காதே, நீயே பிடி" என்று கத்துகிறார்கள். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அது கேட்கிறது, முகம் சுருங்கிவிடுகிறது. தயவுசெய்து அந்த ஒரு மணி நேரம் பேசாமல் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் "எத்தனை பேரைத் தொட்டாய்?" என்பதற்குப் பதில், "யாருக்கெல்லாம் கோ கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

– ஒரு தாத்தா, கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்