அந்த ஒரு கம்பிக்கு நன்றி

போன ஞாயிறு மைதானத்தில், நானே செய்த ரிமோட் விமானத்தின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) தளர்ந்து ஆடுவதைப் பார்த்துத் தானே வந்து உட்கார்ந்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சர்வோ என்ற சின்ன மோட்டாரின் அசைவை அந்த மடலுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடுக்கு நான் போட்டிருந்தது சாதாரண கட்டுக்கம்பி. சர்வோ தள்ளும்போதெல்லாம் அது வில்லாக வளைந்திருக்கிறது. அவர் தன் பெட்டியிலிருந்து 1.2 மி.மீ. பியானோ கம்பி (கெட்டியான எஃகுக் கம்பி) எடுத்து, அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு ஒடித்தார். கட்டரால் நறுக்கினால் கட்டரின் வாய் பொக்கையாகிவிடுமாம். அப்புறம் நுனியை இசட் வடிவில் மடித்து, பிசிறைத் தேய்த்து, சர்வோ கையின் ஓட்டையில் மாட்டினார். எவ்வளவு பொறுமை!

மெல்லிரும்புக் கம்பிதான் கிடைத்தால், ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையை டிரில்லில் மாட்டி, இழுத்துப் பிடித்தபடி மெதுவாக முறுக்கினால் நேராகி விறைப்பும் ஏறும் என்றார்.

அன்று சாயங்காலமே விமானம் சொன்னபடி கேட்டது. மிக்க நன்றி, ஐயா.