வெள்ளை இறாலின் கணக்கு கழிமுகத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கரையோரத்தில் ஆழம் குறைந்த கடற்பகுதியான துகேலா கரைத்திட்டில் வெள்ளை இறால் குறைந்ததற்கு இழுவைப் படகுகளை மட்டும் குறை சொல்வது சரியல்ல. இந்த இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் புகுந்து, சேற்றிலும் கலங்கல் நீரிலும் சில மாதம் வளர்ந்த பிறகே கடலின் சேற்றுத் தரைக்குத் திரும்புகின்றன. ஆயுளோ ஏறக்குறைய ஓராண்டுதான். ஒரு பருவம் குஞ்சுகள் உள்ளே போக வழியில்லை என்றால், அடுத்த பருவம் வலை வெறுமையாக வரும்.

நடந்ததும் அதுதான். இந்தக் குஞ்சுகள் வளரும் செயின்ட் லூசியா கழிமுக ஏரியின் முகத்துவாரத்தை 2002இல் வறட்சி மூடியது. 2007இல் கடல் சீறி உடைத்துத் திறந்த சில மாதங்கள் போக, பல ஆண்டுகள் மணல் அடைத்தே கிடந்தது. 2021 ஜனவரியில் வெட்டித் திறந்தார்கள். அப்படித் திறந்ததைப் பற்றி எழுந்த சர்ச்சையில் இறாலின் பேச்சே காணாமல் போனது எனக்கு வருத்தம்.

ஒரு மணி நேர இழுவைக்கு எத்தனை கிலோ என்றுதான் இருப்பை மதிப்பிடுகிறார்கள். படகுகள் போகாத ஆண்டில் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? செயின்ட் லூசியாவிலும் ரிச்சர்ட்ஸ் பே கழிமுகத்திலும் மாதந்தோறும் சிறுவலை இழுத்து, குஞ்சுகளின் ஓட்டு நீளத்தையும் நீரின் உப்பையும் அளக்க வேண்டும். மீன்வளத் துறை அந்த அளவுகளை மீனவர்களும் நாமும் பார்க்கும்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்