ராடி, என் அப்பா சார்பில் ஒரு மன்னிப்பு

அன்புள்ள ராடி அவர்களுக்கு,

வணக்கம். 2003 முதல் 2012 வரை நீங்கள் எங்கள் சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநராக இருந்தீர்கள். அந்த ஒன்பது வருடமும் உங்களை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்த ஒருவரின் மகன் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல்தான்.

அப்பா, எங்கள் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தியின் ஆட்டத்தில் ஊறியவர். 1993ல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் பாய்ந்து அடித்த கோலை இன்றைக்கும் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நடித்துக் காட்டுவார். அப்படிப்பட்டவருக்கு, கோல் விடாமல் தடுப்பதையே முதலில் பார்க்கும் உங்கள் ஆட்டம் எப்படிப் பிடிக்கும்? "கதவப் பூட்டிட்டு உள்ள ஒக்காந்திருக்கானுங்கடா" என்பார். 2002ல் சொந்த மண்ணில் மலேசியாவிடம் 0-4 என்று உதை வாங்கிய குழுவைத்தான் நீங்கள் கையில் எடுத்தீர்கள் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. முதலில் கதவு என்று ஒன்று இருந்தால்தானே பூட்ட முடியும்!

நீங்கள் கோல்காப்பாளராக இருந்தவர். 1981ல் நாட்ஸ் கவுண்டி 55 வருடம் கழித்து இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்கு ஏறியபோது கோல் கம்பத்தடியில் நின்றது நீங்கள்தான். மற்ற பத்துப் பேரின் முதுகையும் பார்த்துக்கொண்டே ஆடுகிறவன் கோல்காப்பாளன். எவன் இடம் மாறி நிற்கிறான், எந்த இடைவெளி வழியாக ஆபத்து வரும் என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் 2004 டைகர் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்து, இறுதியில் இந்தோனீசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-2 என்று சாய்த்தீர்கள். அப்பா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்: "வந்தவனுங்கள வச்சு ஜெயிச்சான்."

வந்தவர்கள் என்றால், வெளிநாட்டில் பிறந்து எங்கள் குடியுரிமை பெற்று ஆடிய அகு காஸ்மிர், இத்திமி டிக்சன், பிறகு முஸ்தாஃபிச், அப்புறம் அலெக்சாண்டர் துரிச். (துரிச் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் படகு வலித்தவர், எங்கள் நாட்டுக்காக முதலில் ஆடியபோது வயது 37! இதைச் சொன்னால் கோப்பிக் கடையில் இன்றும் யாரும் நம்புவதில்லை.) அப்பா எழுபதுகளின் கடைசியில் பட்டுக்கோட்டையிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்து, பிற்பாடு குடியுரிமை வாங்கியவர். அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "நீங்க மட்டும் இங்க கேகே ஆஸ்பத்திரியிலயா பொறந்தீங்க?" அன்று இரவு வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்தான்.

2007 ஜனவரி 31. பழைய காலாங் அரங்கம், அதே வட்டாரக் கோப்பையின் இறுதிச் சுற்றில் தாய்லாந்துடன் முதல் ஆட்டம். நானும் அப்பாவும் போயிருந்தோம். 1-1. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்களுக்கு பெனால்டி கிடைத்தது. தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு திடலோரம் போய் நின்றுவிட்டார்கள். கால் மணி நேரம் போலக் காத்திருந்தோம். அவ்வளவு நேரம் ஆறிப்போன காலோடு முஸ்தாஃபிச் பந்தை உள்ளே தள்ளினார். பக்கத்தில் இருந்த மலாய்க்காரரை அப்பா கட்டிப்பிடித்துக் குதித்தார். "வந்தவன்" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து பேங்காக்கில் கைருல் அம்ரி 81வது நிமிடத்தில் சமன் செய்ய, கோப்பை மறுபடி நமக்கு.

ஆனால் திட்டு நிற்கவில்லை. 2008, 2010 இரண்டிலும் கோப்பை போனதும், அப்பா பழைய கதவுப் பாட்டை எடுத்துக்கொண்டார்.

2012ல் மறுபடி இறுதிச் சுற்று, மறுபடி தாய்லாந்து. முதல் ஆட்டத்தில் இங்கே ஜாலான் புசாரில் 3-1 என்று ஜெயித்தோம். டிசம்பர் 22ல் பேங்காக்கில் மறு ஆட்டம். புளோக்கின் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன்பு தாய்லாந்து ஒரு கோல் போட்டது. இன்னொன்று விழுந்தால் எல்லாம் போச்சு. இரண்டாம் பாதி முழுக்க அப்பா உட்காரவே இல்லை, தே-ஓ ஆறிப்போனது. திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்: "பூட்டுடா... கதவப் பூட்டு!"

பூட்டினார்கள். உங்களுக்கு மூன்றாவது கோப்பை. வேறு எந்தப் பயிற்றுநரும் இந்த வட்டாரக் கோப்பையை மூன்று முறை வென்றதில்லை. அதற்குப் பிறகு சிங்கப்பூரும் அதை வெல்லவில்லை.

நீங்கள் விடைபெறுகிறீர்கள் என்ற செய்தியை நான்தான் அப்பாவிடம் சொன்னேன். நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே கேட்டார்:

"ஏன், நாம ரொம்பத் திட்டிட்டமோ?"

அன்புடன்,
தெம்பனிசிலிருந்து ஒரு ரசிகன்